இரும்பின் மேல் இரண்டு சக்கரம்

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தவரிடம் பாம்பன் பாலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெயில் நாளில் போனவர் கடலின் நிறத்தைச் சொல்வார், ரயில் பாலத்தைச் சொல்வார். மழை நாளில் போனவர் நேராக அந்த இரும்புக்கு வந்துவிடுவார். சாலைப் பாலத்தின் குறுக்கே, தூணுக்குத் தூண் பதித்து வைத்திருக்கும் இணைப்பு இரும்புகள். காரில் போகிறவர்களுக்கு அது சக்கரத்தடியில் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு அந்த ஒவ்வொரு இரும்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய இடம். ஈரம் பட்டுப் பளபளக்கும் இரும்பைத் தூரத்திலேயே கண் பார்த்துவிடும். கை இறுகும். வலது காலுக்குக் கீழே பிரேக் இருப்பது ஞாபகம் வரும். வண்டி வழுக்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பாதை புதிதல்ல. ஆடி அமாவாசை, தை அமாவாசை, பெரியவர்களின் திதி என்று ஏதாவது ஒரு காரணம் வருடத்துக்கு ஒருமுறையாவது ராமேஸ்வரத்துக்கு இழுத்துவிடும். அங்குள்ள கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணி செய்தவர்களே தேவகோட்டை நகரத்தார் குடும்பத்தார்தான். முன்பு குடும்பத்தோடு ரயிலில் போனார்கள், பிறகு வேனில் போனார்கள். இப்போது இளைஞர்கள் நாலைந்து வண்டிகளாகச் சேர்ந்து விடியலில் கிளம்பிவிடுகிறார்கள். தேவகோட்டை தாண்டி, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைக் கடந்து, தேவிபட்டினம், ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம். அதுவரை தார்ச் சாலை. மண்டபத்தைத் தாண்டியதும் சாலை கடலுக்கு மேலே ஏறுகிறது.

அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் என்பது இதன் முழுப்பெயர். 1974ல் வேலை தொடங்கி, 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நீளம் 2.345 கிலோமீட்டர். அதற்கு முன்னால் தீவுக்குள் போக 1914ல் திறந்த ரயில் பாலம் மட்டுமே தரைவழி. கார் வைத்திருந்தவர்கள்கூட அதை ரயில் வேகனில் ஏற்றித்தான் கொண்டு போனார்கள். ஆகவே, மோட்டார் சைக்கிளில் கடலைக் கடப்பது என்பதே இந்தப் பக்கத்தில் இரண்டு தலைமுறைப் பழக்கம்தான். அப்பாக்கள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த கடலின் மேல் பிள்ளைகள் கிளட்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பாலம் கான்கிரீட்டாக இருக்கும்போது நடுவில் இரும்பு எதற்கு? வெயில்தான் காரணம். கான்கிரீட் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கேட்க அற்பமாக இருக்கும். பாம்பன் பாலம் முழுவதையும் ஒரே துண்டாக வார்த்திருந்தால், 20 டிகிரி வித்தியாசத்தில் அது 56 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். ஒரு முழத்துக்கும் மேல். அந்த நீட்சிக்கு இடம் விடாவிட்டால் பாலம் தன்னைத் தானே நெரித்து உடைத்துக்கொள்ளும். அதனால்தான் துண்டு துண்டாகக் கட்டி, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, இடைவெளியின் இரு ஓரங்களிலும் இரும்பு பதிக்கிறார்கள். பாலத்துக்கு அது மூச்சு விடும் இடம். அதை எடுத்துவிட முடியாது.

நடைபாதையில் நின்று ஓர் இணைப்பைக் குனிந்து பார்த்தால் பயத்தின் காரணம் கண்ணுக்கே தெரியும். லாரி, பஸ் சக்கரங்கள் ஓடும் தடத்தில் இரும்பு தேய்ந்து மழுமழுவென்று மின்னும். சக்கரம் அதிகம் படாத ஓரத்தில் துரு ஏறிப் பொரிந்திருக்கும். பள்ளத்துக்குள் மணல். அந்த மணல் மேல் கடலின் ஈரம் உப்பாகப் படிந்திருக்கும். மழையே வேண்டாம், விடியற்காலைப் பனி போதும். இரும்புக்கும் சாலைக்கும் நடுவே மட்டம் விரற்கடை அளவு ஏறி இறங்கியிருந்தால் முன்சக்கரம் முதலில் ஒரு தட்டுத் தட்டும், அடுத்த நொடியே வழுவழுப்பில் இறங்கும். ஒன்றன்பின் ஒன்றாக வருகிற இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆளைக் கலக்குகிறது.

ரப்பர் எப்படிச் சாலையைப் பிடிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தார்ச் சாலையிலும் சிமென்ட் சாலையிலும் சொரசொரப்பு உண்டு. டயரின் ரப்பர் அந்த மேடுபள்ளத்துக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. மழை பெய்தாலும், டயரில் பட்டன் இருந்தால் தண்ணீர் ஒதுங்க வழி கிடைத்து ரப்பர் சாலையைத் தொட்டுவிடும். தேய்ந்த இரும்பில் பிடிக்க ஒன்றுமில்லை. அதன் மேல் ஒரு படலம் தண்ணீரும் நாலு சொட்டு எண்ணெயும் சேர்ந்தால் ரப்பர் மிதக்கும். காருக்கு நான்கு சக்கரம். ஒன்று வழுக்கினாலும் மற்ற மூன்று தாங்கும். மோட்டார் சைக்கிள் சாலையைத் தொடுவது முன்னே ஓர் உள்ளங்கை அளவு, பின்னே ஓர் உள்ளங்கை அளவு. முன்னது போனால் வண்டி போயிற்று.

ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. ஓர் அடி அகலமுள்ள இரும்பை அதன் சக்கரம் தாண்ட ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் வண்டி விழாது, நாம் அதனிடம் எதுவும் கேட்காமல் இருந்தால். பிரேக் பிடிப்பது, வளைப்பது, திடீரென்று ஆக்சிலேட்டரை முறுக்குவது மூன்றும் டயரிடம் பிடிப்பைக் கேட்கிற காரியங்கள். இரும்பின் மேல் இருக்கும்போது டயரால் அதைக் கொடுக்க முடியாது. நிமிர்ந்த வண்டி, ஒரே வேகம், நேர்க்கோடு. இவை இருந்தால் வண்டி வந்த வேகத்திலேயே மறுபக்கக் கான்கிரீட்டைத் தொட்டுவிடும்.

இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றவர்கள் பாம்பனில் இருக்கிறார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் பெட்டியோ கருவாட்டு மூட்டையோ கட்டிக்கொண்டு நாள்தோறும் பாலம் ஏறும் பெரியவர்களின் பின்னால் கொஞ்ச தூரம் போனால் விளங்கும். இணைப்பு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இரும்பின் மேல் குறைப்பதில்லை. லாரித் தடத்தின் பளபளப்பை விட்டு ஒதுங்கி, இரும்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் ஏறுகிறார்கள். முழங்கை மடங்கியே இருக்கிறது, தோள் விறைப்பதில்லை. ஹேண்டில்பார் ஒரு துடி துடித்தால் துடிக்க விடுகிறார்கள். பார்வை அடுத்த இணைப்புக்கும் அப்பால் இருக்கிறது. சின்ன இன்ஜின் வண்டி, மெல்லிய டயர், பின்னால் பாரம். அத்தனையும் எதிராக இருந்தும் அவர்கள் பதற்றமில்லாமல் போகிறார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கென்று லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் போகிறவர்கள் அந்த எக்ஸ்எல்லிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

காற்றையும் சொல்லியாக வேண்டும். பாலம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோழகக் காற்றும் சரி, வாடைக் காற்றும் சரி, பக்கவாட்டில்தான் வந்து அறையும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. மோட்டார் சைக்கிள்காரரை நிறுத்த யாரும் இல்லை. அவரே முடிவெடுக்க வேண்டும். காற்றுக்கு எதிராக வண்டியைச் சாய்த்து ஓட்டுகிறவர், அந்தச் சாய்வோடேயே ஈர இரும்பில் ஏறினால் பக்கவாட்டில் போய்விடுவார். பாலத்தின் நடுவே, கப்பல் போகும் இடத்துக்கு மேலே, வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்தும் கூட்டம் வேறு. நின்றிருக்கும் காரை ஒதுங்கிப் போகத் திரும்புகிற இடத்தில் ஓர் இணைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பாம்பனில் இரும்பு ஓர் அடிதான். சாலை முழுவதுமே இரும்பாக இருக்கும் பாலங்களும் உலகில் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக்கு மேலே, வானம் தெரியும்படி, திருடனுக்காகக் கம்பி போட்டிருப்பார்களே, அதை அப்படியே எடுத்துத் தரையில் கிடத்தி அதன் மேல் வண்டி ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மேக்கினாக் பாலத்தின் உள்தடங்கள் அப்படிப்பட்டவை. 1957 நவம்பர் 1ல் திறந்த, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பாலம். நடுப்பகுதியில் சாலை தண்ணீருக்கு 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குனிந்தால் சக்கரத்துக்கு அடியில் ஏரி தெரியும்.

அப்படிக் கட்டியதற்கு வலுவான காரணம் இருந்தது. 1940 நவம்பர் 7 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நேரோஸ் தொங்கு பாலம், மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கே முறுக்கிக்கொண்டு கடல் கால்வாயில் விழுந்தது. கெட்டியான தளத்தைக் காற்று பிடித்து ஆட்டிவிட்டது. மேக்கினாக்கை வடிவமைத்த டேவிட் ஸ்டெயின்மன் அதிலிருந்து பாடம் படித்தார். தளத்தைக் கம்பியாகத் திறந்துவிட்டால் காற்று அதனூடே ஏறிப் போய்விடும். சிகாகோ, சியாட்டில் நகரங்களின் தூக்குப் பாலங்களுக்குக் காரணம் வேறு: கப்பலுக்கு வழிவிடத் தளத்தையே தூக்க வேண்டும், ஆகவே தளம் எடை குறைவாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காது, பனி விழுந்தாலும் கீழே கொட்டிவிடும் என்பது கூடுதல் லாபம். இவை எல்லாம் பாலத்துக்கு நல்லவை. இரண்டு சக்கரத்தில் அதன் மேல் போகிறவரின் கைக்கு அது என்ன செய்யும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

கம்பி நீளவாக்கில் ஓடினால் டயரின் பட்டன் கம்பிகளுக்கு நடுவே புகுந்து அதன் போக்கில் இழுக்கும். கொஞ்சம் விலகியதும் அடுத்த கம்பி மறுபக்கம் தள்ளும். வண்டி பாம்பு போல நெளிவதாகத் தோன்றும். இன்ஜின் சத்தத்தை மீறி அடியிலிருந்து ஓர் இரைச்சல் ஏறி வரும். புதிதாக ஓட்டுகிறவர் டயர் பஞ்சராகிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார். உண்மையில் வண்டி தடுமாறவில்லை, தன்னைச் சரிசெய்துகொண்டே போகிறது. முன்சக்கரத்தின் ஃபோர்க் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், ஹேண்டில்பாரின் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. அதனால் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளப்பட்டாலும் தானாகவே நேருக்குத் திரும்பும். கம்பி ஒவ்வொரு முறை தள்ளும்போதும் இது நடக்கிறது. கையை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் திரும்ப முடியாமல் போய், ஆட்டம் முழுவதும் வண்டியின் உடம்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறிவிடுகிறது. பயம் கையை இறுக்கச் சொல்கிறது, வண்டியோ தளர்த்தச் சொல்கிறது. இரும்புப் பாலத்தில் நடக்கும் சண்டை இவை இரண்டுக்கும்தான்.

நம் நாட்டில் இதற்கு ஈடான அனுபவம் பெய்லி பாலத்தில் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த வடிவம். ஆறு பேர் தூக்கக்கூடிய 10 அடிச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்துப் பாலமாக்கிவிடலாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவு பகலாக நின்று கட்டி ஆகஸ்ட் 1ல் முடித்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். ராணுவத்தில் அவர்களுக்கு ‘தம்பிகள்’ என்றே பெயர். லடாக், இமாச்சல் பக்கம் வண்டியில் போகும் நம் ஊர்ப் பையன்கள் இத்தகைய பாலங்கள் பலவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். இரும்புத் தகடோ பலகையோ சக்கரத்தடியில் தடதடவென்று குதிக்கும், தகடுகளுக்கு நடுவே சந்து தெரியும், கீழே ஆறு இரையும். அங்கே செய்ய வேண்டியதும் அதேதான். சந்தின் கோட்டிலேயே சக்கரத்தை விடாமல் தகட்டின் நடுவில் ஏற்றி, பின்னால் இருப்பவரை அசையாமல் உட்காரச் சொல்லி, இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போய்விட வேண்டும்.

மலைக்கும் கடலுக்கும் போகாதவர்களுக்கும் இது சம்பந்தமில்லாததல்ல. சென்னையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள், ஊர்ப் பேருந்து நிலைய வாசலில் சாக்கடைக்கு மேல் கிடக்கும் கம்பி மூடி, சாய்வாகக் குறுக்கிடும் ரயில் தண்டவாளம். மழையில் எல்லாம் ஒரே குணம்தான். தண்டவாளத்தையும் கம்பி மூடியையும் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் தாண்ட வேண்டும்.

காரைக்குடிக்கு இந்த இரும்போடு இன்னொரு உறவும் உண்டு. வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. உலோகம் எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது அதன் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. கடல் காற்றில் இரும்பு படும் பாட்டைச் சோதிக்க அதற்கு மண்டபத்திலேயே ஒரு நிலையம் உண்டு. பாம்பன் பாலம் ஏறும் இடத்துக்குப் பக்கம் என்று சொல்லலாம். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதில் காரைக்குடிக்காரர்களுக்குத் தெரியாதது குறைவு. இணைப்பு இரும்பு ஓரத்தில் அரித்து, போல்ட் தளர்ந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் மழையைவிட ஆபத்து. ஈரத்தை நாம் எதிர்பார்த்துப் போகலாம், தூக்கிய விளிம்பு சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும்.

எனக்கு உறுத்துகிற விஷயம் இதுதான். நம் நாட்டில் பாலத்தை வடிவமைக்கும்போது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த பாரக் கணக்குப்படி, 70 டன் எடையுள்ள, பீரங்கி வண்டி போலச் சங்கிலித் தடத்தில் ஓடும் வாகனம்கூட அதன் மேல் போகலாமா என்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நாட்டில் பதிவாகும் வண்டிகளில் நான்கில் மூன்று பங்கு இருசக்கரம். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வண்டிகள் பாலத்துக்குப் பாரமே இல்லை என்பதால் கணக்கிலும் அவற்றுக்கு இடமில்லாமல் போய்விட்டது. இணைப்பின் வலுவைக் கேட்கும் அளவுக்கு அதன் வழுக்கலை யாரும் கேட்பதில்லை.

கேட்டால் செய்ய முடியாததும் அல்ல. அமெரிக்காவில் இரும்புத் தளமுள்ள பாலத்துக்கு முன்னால் அதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும், அதன் கீழே மோட்டார் சைக்கிள் படம் போட்ட துணைப் பலகையும் வைக்க அந்நாட்டுச் சாலைக் குறியீட்டு நெறி வழி செய்திருக்கிறது. சில பாலங்களில் கம்பிகளின் மேல் சிறு குமிழ்களைப் பற்றவைத்திருக்கிறார்கள், சிலவற்றில் கம்பிக் கண்ணுக்குள் கான்கிரீட் நிரப்பியிருக்கிறார்கள். பாம்பனுக்கு அவ்வளவுகூட வேண்டாம். மண்டபம் முனையிலும் பாம்பன் முனையிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: மழையில் இணைப்பு இரும்பு வழுக்கும், அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் நிறைய வரும் இடம் என்பதால் இந்தியிலும் ஆங்கிலத்திலும். மழுங்கிய இரும்பின் மேல் சொரசொரப்பான பூச்சு, தேய்ந்ததும் மறுபூச்சு. தூக்கிய விளிம்பையும் தளர்ந்த போல்டையும் மழைக்கு முன் ஒருமுறை நடந்தே போய்ப் பார்த்துவிடுவது. 2.345 கிலோமீட்டரை ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்த்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் இறங்கும். ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு ஆவணியும் புரட்டாசியும் இருக்கின்றன. பலகை நடவும் பூச்சு அடிக்கவும் அந்த இரண்டு மாதம் தாராளம்.